அம்மை என்று நினைத்து ஆறு நாள்

போன ஆண்டு சித்திரை முதல் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் கழித்து, இராமநாதபுரத்தில் ஒரு தோல் மருத்துவர் அம்மாவின் உதட்டைப் பார்த்த உடனே என்னிடம் திரும்பி, "புதுசா ஏதாவது மாத்திரை போடுறாங்களா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அன்று காலை வரை என் கையாலேயே அம்மாவுக்குப் பதின்மூன்று மாத்திரை கொடுத்திருந்தேன். அம்மாவின் தோலை உரித்தது அந்த மாத்திரைதான். வேறு ஒரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன், என் தவறையும் சேர்த்து.

எங்களுக்குப் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு வயது 54. பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மற்ற பெண்களோடு வள்ளத்தில் போய் முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி வருவாள். அப்பா இல்லை. தம்பி குவைத்தில் இருக்கிறான். நான் மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி வேலை பார்க்கிறேன். முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள் நான்தான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

அந்த ஆண்டு மாசி மாதம் அம்மாவுக்கு வலது கன்னத்தில் வலி தொடங்கியது. சாதாரண வலி இல்லை. பல் துலக்கினால், முகம் கழுவினால், ஏன், காற்று பட்டால்கூட மின்சாரம் பாய்ந்த மாதிரி சுளீர் என்று இழுக்கும். சில நொடிதான் இருக்கும், ஆனால் அந்த நொடியில் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். பல்வலி என்றே நினைத்தோம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. எக்ஸ்ரேயோடு சேர்த்து 2,400 ரூபாய். வலி போகவில்லை. அப்புறம்தான் இராமநாதபுரத்தில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முகத்துக்கு வரும் மூன்று கிளை நரம்பில் வரும் வலி இது, பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். மருத்துவர் கட்டணம், ஸ்கேன், மாத்திரை எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். கார்பமாசெபைன் 200 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். இந்த வலிக்கு உலகம் முழுவதும் முதலில் கொடுக்கும் மாத்திரை அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் எழுதிக் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால், "முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, தோலில் தடிப்போ வந்தால் உடனே என்னிடம் வா" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது அரை நிமிட வேலை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 2-ஆம் தேதி மாத்திரை தொடங்கினோம். மூன்றாம் நாளே வலி பாதி குறைந்தது. ஒரு வாரத்தில் அம்மா பயமில்லாமல் சோறு மென்றாள். அந்த மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். பத்து நாள் மாத்திரை தீர்ந்ததும் 12-ஆம் தேதி வேறொரு மெடிக்கலில் வாங்கினேன். ஒரு முழு அட்டையும், இன்னொரு அட்டையிலிருந்து எட்டு மாத்திரையை வெட்டியும் கொடுத்தார்கள். அந்த வெட்டு முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

14-ஆம் தேதி, வருஷப் பிறப்பன்று, நல்ல காய்ச்சல். தொண்டை வலி, கண் எரிச்சல். வெயிலில் கருவாடு காயப்போட்டதால் வந்த சூடு என்று நினைத்தோம். மறுநாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, காய்ச்சல் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். 16-ஆம் தேதி நெஞ்சிலும் முகத்திலும் சிவப்புப் புள்ளிகள். சித்தி வந்து பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "ஆத்தா இறங்கியிருக்கா. ஊசி மருந்துன்னு எங்கேயும் கூட்டிட்டுப் போகாதே" என்றாள். வாசலில் வேப்பிலை செருகினோம். காய்ச்சல் மாத்திரையையும் ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தினோம். இளநீர், மோர், பனங்கற்கண்டு என்று கொடுத்தோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் தெருவில் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். வந்து பார்த்த எல்லாருமே அம்மை என்றுதான் சொன்னார்கள். எனக்கு வேறு என்ன தோன்றும்? கோடை காலம், காய்ச்சல், முத்து. எல்லாம் பொருந்தியது.

முகவலி மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. சித்தி அதையும் நிறுத்தச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். "அது நரம்பு மாத்திரை, விட்டா மறுபடி வலி வந்துரும்" என்று நான்தான் பேசினேன். 18-ஆம் தேதி அம்மாவின் உதடு வெடித்து ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று சாடை காட்டினாள். நான் அதைக் கரண்டிக் காம்பால் பொடித்து, இளநீரில் கலந்து, சங்கால் ஊட்டினேன். என்னால் மறக்க முடியாத காட்சி எதுவென்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

19-ஆம் தேதி காலை கண்கள் ஒட்டிக்கொண்டன. தலையணையிலிருந்து அம்மாவைத் தூக்கும்போது தோள்பட்டைத் தோல் நனைந்த காகிதம் போல உறையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் சொன்னதையும் கேட்கவில்லை. பாலம் தாண்டி, இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அங்கேயும் முதலில் அம்மை என்றே தனி அறையில் வைத்தார்கள். "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது காய்ச்சல் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் மட்டும் சொன்னேன். என்னைப் பொறுத்தவரை முகவலி மாத்திரை இந்த நோய்க்கான மருந்து இல்லையே. அதனால் அது பட்டியலில் வரவில்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மருத்துவமனையில் கேட்டால், போன இரண்டு மாதத்தில் வாயில் போட்டது, ஊசியாக ஏற்றியது, தடவியது எல்லாவற்றையும் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்ட தலைவலி மாத்திரை, எதையும் விடாதீர்கள். எது சம்பந்தப்பட்டது என்று நாம் முடிவு செய்யக் கூடாது. நான் முடிவு செய்தேன், அம்மாவுக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போயிற்று.

20-ஆம் தேதி மதியம்தான் வெளியிலிருந்து அந்தத் தோல் மருத்துவர் வந்தார். உதட்டையும் கண்ணையும் பார்த்தார். புள்ளிகளின் நடுவில் கருமையாக இருப்பதைக் காட்டினார். புண்ணில்லாத இடத்தில் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார், தோல் நழுவியது. அப்புறம் கேட்டதுதான் நான் முதலில் சொன்ன கேள்வி. பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். "இதுதான். இனிமே ஒண்ணுகூடக் கொடுக்காதீங்க. இன்னைக்கே மதுரைக்குப் போங்க" என்றார். நோயின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன். 1922-இல் அதை முதலில் விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயர் அது. உடம்பில் பத்து சதவீதத்துக்குக் கீழே தோல் உரிந்தால் இந்தப் பெயர். முப்பதைத் தாண்டினால் அதற்கு வேறு பெயர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. அம்மாவுக்குப் பதினெட்டு. இரண்டுக்கும் நடுவில்.

அம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மையில் நீர் கோத்த கொப்புளம் அலை அலையாக வரும், அரிக்கும். இதில் அரிப்பைவிட வலி அதிகம். துணி பட்டாலே எரியும். வாய், உதடு, கண், சிறுநீர் போகும் இடம் என்று ஈரமான இடங்களில் புண் வரும். சில நாள் முன்பே காய்ச்சலும் கண் எரிச்சலும் இருக்கும். கொப்புளத்தைத் தொட்டால் தோல் விலகும். இதெல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது, வீட்டில் உட்கார்ந்து நாமே பிரிக்க வேண்டியதில்லை. புது மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தோலில் ஏதாவது வந்தால், வேப்பிலை கட்டுகிறவர்கள் கட்டட்டும், அன்றே மருத்துவமனைக்கும் போய்விட வேண்டும். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இன்னொன்று. கார்பமாசெபைனை வலிப்புக்கும் கொடுக்கிறார்கள். வலிப்பு இருப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்த வேண்டாம். ஆனால் தடிப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவும் வேண்டாம்.

மதுரைக்குக் காருக்கு 4,500 ரூபாய். பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் இரவு பதினொரு மணிக்குச் சேர்த்தோம். அங்கே இருபத்து மூன்று நாள். படுக்கை விரிப்பு ஒட்டக் கூடாது என்று வாழை இலையைப் பரப்பி அதன்மேல் படுக்க வைத்தார்கள். சேர்த்த முதல் ஒரு வாரம் கண்ணுக்கு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. பகலில் நர்ஸ்கள், இரவில் நான். போனில் அலாரம் வைத்துக்கொண்டு, இமையை விரலால் பிரித்து, ஒரு சொட்டு. உள்ளிமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண் மருத்துவர் தினமும் வந்து கண்ணாடிக் குச்சியால் விலக்கிவிடுவார். அப்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. தம்பி வீடியோ காலில் அழுதான். லீவு கிடைக்கவில்லை. சித்தி ஒருமுறை வந்தாள், நின்று பார்க்க முடியாமல் போய்விட்டாள். நான் அந்த வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுததெல்லாம் யாருக்கும் தெரியாது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மருந்தியல் துறையில் மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண் கையில் படிவத்தோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள். "அக்கா, அம்மாவுக்கு வந்த மருந்து ஒவ்வாமையைப் பதிவு செய்யணும். கொஞ்சம் பேசலாமா?" என்றாள். படிவம் என்றதும் என் கை தானாக நீண்டது. என் தொழில் அதுதானே. ஆனால் அந்தப் படிவத்தில் கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை. மாத்திரை எந்தக் கம்பெனி? பேட்ச் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரித்த மாத்திரைகளுக்குப் போடும் எண், என்ன? காலாவதித் தேதி? என்றைக்குத் தொடங்கினீர்கள்? என்றைக்குத் தடிப்பு வந்தது? ஆன்டிபயாட்டிக் எந்தத் தேதி?

பையிலிருந்த அந்த அட்டைத் துண்டை எடுத்தேன். ஒரே ஒரு மாத்திரை மிச்சமிருந்தது. வெள்ளி நிற அலுமினியத் தாள். கத்தரி போன இடத்தில் கம்பெனிப் பெயர் பாதியில் நின்றது. மருந்தின் பெயரில் கடைசி நாலு எழுத்தும், '200' என்ற எண்ணும் மட்டும். பேட்ச் நம்பரும் தேதியும் அச்சடித்த ஓரம் கடைக்காரரின் டப்பாவிலேயே தங்கிவிட்டது. முதலில் வாங்கிய இரண்டு அட்டைகளையும், அப்புறம் வாங்கிய முழு அட்டையையும் நான் எப்போதோ குப்பையில் போட்டிருந்தேன். மருத்துவர் சீட்டு வீட்டில் இருந்தது. அதில் மருந்தின் பெயர் உண்டு, ஆனால் கடைக்காரர் எந்தக் கம்பெனியுடையதைக் கொடுத்தார் என்பது அதில் இருக்காது. பில்லும் வாங்கவில்லை.

தேதிகளுக்கு ஒரே வழி கிடைத்தது. ஜிபே. ஏப்ரல் 2, ஏப்ரல் 12, இரண்டு மெடிக்கலுக்கும் பணம் அனுப்பியது அதில் இருந்தது. 15-ஆம் தேதி கிளினிக்குக்கு அனுப்பியதும் இருந்தது. அதை வைத்துத்தான் அவள் ஒரு கோடு போட்டு நாள்களைக் குறித்தாள். அந்தக் கோடு எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் புரிந்தது. ஆன்டிபயாட்டிக்கால் வந்ததாக இருக்குமோ என்று வார்டிலும் ஒரு சந்தேகம் இருந்தது. அதனாலும் இந்த நோய் வரும். ஆனால் காய்ச்சலும் தொண்டை வலியும் கண் எரிச்சலும் 14-ஆம் தேதியே வந்துவிட்டன, ஆன்டிபயாட்டிக் போட்டது 15-ஆம் தேதி. கார்பமாசெபைன் தொடங்கிப் பதின்மூன்றாம் நாள் காய்ச்சல். இந்த நோய் பெரும்பாலும் முதல் சில வாரங்களில், இரண்டு மாதத்துக்குள் வருவது. தேதி தெரியாமல் போயிருந்தால் இரண்டு மருந்தின் மேலும் பழி விழுந்திருக்கும், இரண்டையும் அம்மாவுக்கு ஆயுள் முழுக்க மறுத்திருப்பார்கள்.

பேட்ச் நம்பர் எதற்கு என்று கேட்டேன். "ஒரே பேட்ச்ல பல பேருக்கு வந்தா, அந்தத் தயாரிப்புல கோளாறுன்னு அர்த்தம். வேற வேற பேட்ச்ல, வேற வேற கம்பெனியில வந்தா, அது மருந்தோட குணம். நம்பர் இல்லாம ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது அக்கா?" என்றாள். எனக்கு அந்த வெட்டுத் துண்டைப் பார்க்கவே முடியவில்லை.

அவள் அவசரப்படாமல் பொறுமையாகச் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் சில ஆயிரம் பேரிடம்தான் சோதித்திருப்பார்கள். அம்மாவுக்கு வந்தது போன்ற நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்குத்தான் வரும். சில ஆயிரம் பேரில் அது தென்படவே வாய்ப்பில்லை. லட்சம், கோடி பேர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் வெளியே வரும். அதனால் கடைக்கு வந்த பிறகும் மருந்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பாடம் தாலிடோமைடு என்ற மாத்திரையால் வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கு என்று கொடுத்தார்கள். கை கால் இல்லாமல் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் பிறந்த பிறகு 1961-இல்தான் ஜெர்மனியில் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அதன் பிறகுதான் 1968-இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளிடமிருந்து இப்படிப்பட்ட தகவல்களைச் சேர்க்கத் தொடங்கியது. இப்போது அவை ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் உள்ள மையத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

நம் நாட்டில் இதற்கென்று இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது. 2011-லிருந்து, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் மத்திய அரசு அமைப்பான, டெல்லி பக்கம் காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன்தான் அதை நடத்துகிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறையோடு சேர்ந்து ஒரு கண்காணிப்பு மையம் இருக்கும். வார்டில் நிரப்பிய படிவம் அங்கிருந்து காசியாபாத்துக்கும், பிறகு உப்சாலாவுக்கும் போகும். ஒரே மாதிரித் தகவல் சேரச் சேர, நிபுணர்கள் உட்கார்ந்து பார்த்து, மருந்தின் தாளில் எச்சரிக்கை சேர்க்கச் சொல்வார்கள், அல்லது தடை செய்யச் சொல்வார்கள். மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மெஃபனமிக் ஆசிட் மாத்திரையைப் பற்றி 2023 நவம்பர் 30 அன்று அந்தக் கமிஷன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்பு பாதிப்பு என்று வரும் டிரெஸ் என்ற ஒவ்வாமையைக் கவனிக்கச் சொல்லி. நானே அந்த மாத்திரையை மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தவள். எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் அதைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அம்மாவின் மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. கார்பமாசெபைன் 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. 2004-இல்தான் தைவானில், இதைச் சாப்பிட்டுத் தோல் உரிந்தவர்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எச்.எல்.ஏ.-பி 1502 என்று பெயர். ஆசியர்களிடம் அதிகம். 2007 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரையைத் தொடங்குமுன் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னது. நாற்பது ஆண்டு கழித்து. அந்த நாற்பது ஆண்டில் தோல் உரிந்தவர்களைப் பற்றி யாரோ எழுதி அனுப்பிக்கொண்டே இருந்ததும் அந்தச் சோதனை வர ஒரு காரணம். அதைக் கேட்டபோது, இனி என் தெருவில் எவருக்கு என்ன ஆனாலும் எழுதி அனுப்பாமல் விடக் கூடாது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன்.

எழுதி அனுப்ப மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நோயாளியே அனுப்பலாம், வீட்டில் உள்ளவர்கள் அனுப்பலாம். நோயாளிகளுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை பேசலாம். ஏ.டி.ஆர். பி.வி.பி.ஐ. என்று ஒரு செயலியும் உண்டு. நோயாளியின் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். மருத்துவர் மேல் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். இது புகார் இல்லை, யாரையும் குற்றம் சொல்வதாகவும் ஆகாது. அதே நேரம், இதனால் நஷ்ட ஈடும் கிடைக்காது. அதையும் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். எனக்கு முதலில் அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி மாத்திரை போட்டு உதடு கறுத்துத் தடித்தது. கடைப் பிரிண்டரிலேயே அந்தத் தமிழ்ப் படிவத்தை எடுத்து, அவளை உட்கார வைத்து நிரப்பி அனுப்பினோம். இருபது நிமிடம் ஆயிற்று. அவளிடம் முழு அட்டை இருந்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பல்லுக்கு 2,400, நரம்பு மருத்துவருக்கும் ஸ்கேனுக்கும் 8,500, இராமநாதபுரம் தனியார் மருத்துவமனையில் ஒன்றரை நாளுக்கு 41,000, காருக்கு 4,500, மதுரையில் சிகிச்சை இலவசம் என்றாலும் வெளியில் வாங்கிய சொட்டு மருந்து, சாப்பாடு, வாழை இலை, போக்குவரத்து என்று 27,000. மொத்தம் 83,400 ரூபாய். அம்மாவின் மூன்று பவுன் செயின் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. எனக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. முதல் ஆறு நாளில் நேராக அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். பணத்தைவிட அந்த ஆறு நாள்தான் பெரிய நஷ்டம். இந்த நோயில் மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்று வார்டில் எல்லா மருத்துவர்களும் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கார்பமாசெபைன் இனி வாழ்நாளில் கூடாது. அதோடு உறவுள்ள ஃபெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டோன், ஆக்ஸ்கார்பசெபைன் இவையும் கூடாது. நான் அதை லேமினேட் செய்து நாலு பிரதி எடுத்தேன். ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில், ஒன்று ஆதார் அட்டையோடு, ஒன்று வீட்டுச் சுவரில், ஒன்று என் பர்சில். போட்டோ தம்பியின் போனில். இதை எல்லாரும் செய்யுங்கள். மருந்து ஒவ்வாமை இருப்பவர் மயங்கிக் கிடந்தால் அவருக்காகப் பேச அந்த அட்டைதான் உண்டு.

இப்போது புதிதாக எந்த மாத்திரை வாங்கினாலும் கடையிலேயே அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுகிறேன். பெயர், கம்பெனி, பேட்ச், தேதி நான்கும் தெரிகிற மாதிரி. வெட்டித்தான் தர வேண்டும் என்றால் எழுத்துள்ள ஓரத்தைக் கேட்டு வாங்குகிறேன். அதே அட்டையில் மிச்சத்தை வாங்குகிறவருக்கும் அந்த ஓரம் வேண்டும் என்றால், கடைக்காரர் வெட்டுவதற்கு முன்னாலேயே போட்டோ. பில் கேட்கிறேன். முதல் மாத்திரை போட்ட தேதியைக் காலண்டரில் எழுதுகிறேன். காலி அட்டையை இரண்டு மாதம் கழித்துத்தான் தூக்கிப் போடுகிறேன். மருத்துவரிடம், "இதுல என்ன வந்தா உங்ககிட்ட ஓடி வரணும்?" என்று கேட்கிறேன். முதல்முறை கேட்கும்போது கூச்சமாக இருந்தது. ஒரு மருத்துவர் முகம் சுளித்தார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் சொன்னார்.

அம்மாவின் தோல் ஆறிவிட்டது, ஆங்காங்கே நிறம் மட்டும் மாறியிருக்கிறது. முகவலிக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஓரளவு கேட்கிறது. கண்தான் காய்ந்துபோய்விட்டது. கண்ணீர் சுரப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு, மாதம் 900 ரூபாய். வெளிச்சம் கூசுகிறது. உப்புத் தண்ணீர் பட்டால் நெருப்பு.

ஆவணி மாதத்தில் அந்த மருந்தியல் பெண் போன் செய்தாள். படிவத்தில் முடிவு என்ன என்று ஒரு கட்டம் உண்டு, வார்டில் இருந்தபோது 'குணமாகி வருகிறார்' என்று குறித்திருந்தாள், இப்போது அதைப் புதுப்பிக்க வேண்டும். "முழுசா குணமாயிட்டாங்களா, இல்ல பின்விளைவோட குணமா, அக்கா?" என்று கேட்டாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கேட்டேன். அம்மா வாசற்படியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, பாசிக்குப் போய்விட்டுத் திரும்பும் வள்ளத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடலுக்குப் போகலைன்னு எழுதச் சொல்லு" என்றாள்.